‘உதாசினர்’ என்றால் யார்? லொய்டொரியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள்

தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில், அதாவது பழைய மொழிபெயர்ப்பில், 1 கொரிந்தியர் 6:10 இப்படி இருக்கிறது: “திருடரும், பொருளாசைக்காரரும், வெறியரும், உதாசினரும், கொள்ளைக்காரரும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை.” திருடர் யாரென்று தெரியும், பொருளாசைக்காரரும் தெரியும். வெறியர் என்றால் குடிவெறியர் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லித் தந்துவிடுவார். உதாசினர்? “என் பேச்சை உதாசீனப்படுத்திட்டான்” என்று நாம் இன்று சொல்வது கண்டுகொள்ளாமல் விட்டதைத்தான். அதனால் பலரும் இந்த வசனத்தில் வருகிறவர் தேவ காரியங்களை அலட்சியம் செய்கிறவர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்க மூலத்துக்கும் அலட்சியத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே இருக்கிற சொல் லொய்டொரோஸ். வாயாலேயே ஆளை அடிக்கிறவன், வசைபாடுகிறவன் என்று பொருள். தமிழ்ச் சொல்லின் பொருள் நகர்ந்துபோனதால் குற்றமும் மாறிவிட்டது. வைகிறவன் தப்பித்துக்கொண்டான்; ஜெபக்கூட்டத்துக்கு வராதவன் மாட்டிக்கொண்டான்.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் நான்கு வடிவங்களில் வருகிறது. வினைச்சொல் லொய்டொரெயோ: வைதல், ஏசுதல். செயலின் பெயர் லொய்டொரியா: வசவு. ஆளைக் குறிப்பது லொய்டொரோஸ். நான்காவது அந்திலொய்டொரெயோ: வைதவனைத் திருப்பி வைதல். ஸ்ட்ராங் எண்களை (வேதாகமத்தின் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட எண்) வைத்துத் தேடுகிறவர்களுக்கு இவை முறையே 3058, 3059, 3060, 486. உச்சரிப்பு பெரிய சிக்கல் இல்லை. லொய் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், வினைச்சொல்லில் அழுத்தம் ‘ரெ’ மேல் விழும். இன்றைய கிரேக்கர்கள் இதே சொல்லை ‘லிதொரோ’ என்பதுபோலச் சொல்வார்கள். அந்தத் ‘தொ’வில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

மொத்தம் வருவது பத்தே தடவை. வினைச்சொல் நான்கு இடங்களில்: யோவான் 9:28, அப்போஸ்தலர் 23:4, 1 கொரிந்தியர் 4:12, 1 பேதுரு 2:23. அந்தக் கடைசி வசனத்திலேயே அந்திலொய்டொரெயோ ஒரு தடவை. வசவு என்ற பெயர்ச்சொல் மூன்று தடவை, ஆனால் இரண்டு வசனங்களில்: 1 தீமோத்தேயு 5:14-இல் ஒன்று, 1 பேதுரு 3:9-இல் இரண்டு. ஆளைக் குறிக்கும் சொல் 1 கொரிந்தியர் 5:11-இலும் 6:10-இலும். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். சொல்லாய்வு தொடங்குகிறவருக்கு இப்படிக் கைக்கு அடக்கமான சொல் கிடைப்பது அதிர்ஷ்டம். ‘அன்பு’, ‘விசுவாசம்’ என்று ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

தமிழில் இதைத் தேடும்போது இரண்டு தடங்கல்கள் வரும். முதலாவது, பழைய திருப்புதல் இந்த ஒரு வேரை நான்கு சொற்களாகப் பிரித்துப்போட்டிருக்கிறது. வினைச்சொல் வந்த நான்கு இடங்களிலும் ‘வை’. ஆளைச் சொல்லும் இடங்களில் ‘உதாசினன்’. 1 பேதுரு 3:9-இல் வசவுக்கு ‘உதாசனம்’. 1 தீமோத்தேயு 5:14-இல் மட்டும் ‘நிந்திக்கிறது’. தமிழ் ஒத்தவாக்கிய அகராதியில் ‘உதாசினன்’ என்று தேடினால் பத்தில் இரண்டுதான் கைக்கு வரும்.

இரண்டாவது தடங்கல் ‘வை’ என்ற சொல்லே. ‘கீழே வை’ என்கிற ‘வை’ வேறு, ‘திட்டு’ என்கிற ‘வை’ வேறு. முதலாவது வைத்து, வைக்கிறாய், வைப்பான், வைக்காமல் என்று போகும். இரண்டாவது வைது, வைகிறாய், வைவான், வையாமல். “அவர்கள் அவனை வைது” என்பதில் ஒரு ‘த்’ அச்சில் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து “அவனை வைத்து” என்று சபையில் உரக்க வாசிப்பவர்கள் உண்டு. தெற்கத்தி மாவட்டங்களில் இந்தச் சிக்கல் குறைவு. “எங்கம்மா வைவா” என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு யோவான் 9:28 அகராதி இல்லாமலே புரியும். உண்மையில் லொய்டொரெயோவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது கடினம். வசவு என்ற சொல்லும் இந்த ‘வை’யின் பிள்ளைதான். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் வினைச்சொல்லுக்கு வைத்திருந்த காதைப் பெயர்ச்சொல்லுக்கும் வைத்திருந்தால் நமக்கு ‘உதாசினர்’ குழப்பம் வந்திருக்காது. புதிய மொழிபெயர்ப்புகளில் ‘பழி’யை ஒட்டிய சொற்கள் வருகின்றன. அவை கொஞ்சம் தெளிவு. ஆனால் பழி என்றவுடன் பொய்க்குற்றம் சுமத்துவது நினைவுக்கு வருகிறது. லொய்டொரியாவுக்குப் பொய் கட்டாயமில்லை.

கட்டாயம் எது என்பதைக் கிரேக்கர்களே சொல்லியிருக்கிறார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பேச்சாளர் டெமொஸ்தெனீஸ் கி.மு. 330-இல் தன் எதிரியான எஸ்கினீஸுக்குப் பதில் சொல்லும் வழக்கில், லொய்டொரியாவையும் கட்டெகொரியாவையும் பிரித்துக் காட்டினார். கட்டெகொரியா என்றால் குற்றச்சாட்டு. அதில் ஒரு குற்றச் செயல் இருக்கும், அதற்குச் சட்டத்தில் தண்டனையும் இருக்கும். லொய்டொரியாவில் இருப்பது எதிரிகள் அவரவர் சுபாவத்துக்கு ஏற்ப ஒருவரைப் பற்றி ஒருவர் அள்ளி வீசும் சொற்கள் மட்டும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். குற்றச்சாட்டு ஒருவர் செய்ததைப் பிடிக்கிறது, அதை விசாரிக்கலாம், மறுக்கலாம், சாட்சி கூப்பிடலாம். வசவு ஆளையே பிடிக்கிறது. “நீ நாய்” என்றால் “இல்லை” என்று எந்தச் சாட்சியைக் கூட்டிவருவது? (இவ்வளவு அழகாகப் பிரித்துச் சொன்ன டெமொஸ்தெனீஸ் அதே உரையில் எஸ்கினீஸின் தாய் தகப்பனை இழுத்து வைத்து வைதிருக்கிறார் என்பது வேறு விஷயம்.)

கிரேக்க நகரங்கள் வாயால் செய்யும் இந்தத் தாக்குதலைச் சின்ன விஷயமாக விட்டுவிடவில்லை. கோயில், நீதிமன்றம், அரசு அலுவலகம், விழா நடக்கும் இடம் ஆகியவற்றில் உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றித் தீது சொன்னால் அவருக்கு மூன்று திராக்மா, பொதுக் கருவூலத்துக்கு இரண்டு திராக்மா என்று ஏதென்ஸின் சட்டம் வகுத்த சோலோன் அபராதம் வைத்ததாக, அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அரிஸ்டாட்டில் கேலிப் பேச்சைப் பற்றி யோசிக்கும்போது, கேலியும் ஒருவகை வசவுதான், சட்டம் போடுகிறவர்கள் சில வசவுகளைத் தடுக்கிறார்கள், ஒருவேளை சில கேலிகளையும் தடுத்திருக்கலாம் என்கிறார். இரண்டிடத்திலும் பிரச்சினை ஒன்றே: பொது இடத்தில், நாலு பேர் முன்னால் ஒருவரின் மானம் போவது. சொல் எங்கிருந்து பிறந்தது என்பது உறுதியாகவில்லை. லத்தீனில் விளையாட்டைக் குறிக்கும் ‘லூதுஸ்’ என்ற சொல்லோடு சிலர் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் பவுல் வைவதை விளையாட்டாக எண்ணினார் என்று ஆகிவிடாது. வேர்ச்சொல்லிலிருந்து பிரசங்கம் கட்டும் பழக்கம் இந்தத் துறையில் தொற்றுநோய்.

பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை எங்கே எடுத்தார்கள் என்று பார்த்தால் இன்னொரு நிறம் தெரியும். யாத்திராகமம் 17-இல் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயோடு வாதாடுகிறார்கள். எபிரெயத்தில் ‘ரீப்’ என்ற சொல், வழக்காடுதல், சண்டைபிடித்தல். செப்துவஜிந்தா எனப்படும் அந்தக் கிரேக்கப் பெயர்ப்பைச் செய்தவர்கள் அதற்கு லொய்டொரெயோவைப் போட்டார்கள். மேரிபா என்ற இடப்பெயரையே அதே வேரில் பிறந்த ‘லொய்டொரேசிஸ்’ என்று பெயர்த்துவிட்டார்கள். தாகத்தில் தொடங்கிய நியாயமான கேள்வி, “எங்களைக் கொன்றுபோடவா எகிப்திலிருந்து கொண்டுவந்தாய்” என்று தலைவன்மேல் பாய்வதாக முடிகிறது அல்லவா, அந்தத் திருப்பத்துக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. நீதிமொழிகளில் இது ஒரு குணத்தின் பெயராகிறது. சண்டைக்காரியோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட மொட்டைமாடி மூலையே மேல் என்கிற 25:24-இல் அந்தப் பெண் ‘லொய்டொரோஸ்’. கரி தணலுக்கும் விறகு நெருப்புக்கும் எப்படியோ அப்படியே சண்டையை மூட்ட ஒருவன் என்கிற 26:21-இல் அந்த ஆணும் ‘லொய்டொரோஸ்’. பவுல் கொரிந்துக்கு எழுதும்போது அந்தச் சபையார் காதில் இந்த நீதிமொழிகளின் ஒலி இருந்திருக்கலாம்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத வசவு

யோவான் 9-ஆம் அதிகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிறவிக் குருடனாக இருந்தவனுக்குக் கண் தெரிகிறது. பரிசேயர் அவனை ஒருமுறை விசாரித்தாயிற்று, பெற்றோரை விசாரித்தாயிற்று, மறுபடியும் அவனையே கூப்பிட்டு “எப்படி உன் கண்களைத் திறந்தான்” என்று கேட்கிறார்கள். அவனுக்குச் சலித்துவிட்டது. “முன்னமே உங்களுக்குச் சொன்னேன், நீங்கள் கேளாமற்போனீர்கள், மறுபடியும் கேட்க வேண்டியதென்ன? அவருக்குச் சீஷராக உங்களுக்கும் மனதுண்டோ” என்கிறான். குத்தலான பதில்தான். அடுத்த வசனம்: “அப்பொழுது அவர்கள் அவனை வைது: நீ அவனுடைய சீஷன், நாங்கள் மோசேயினுடைய சீஷர்.”

வைது என்று எழுதியிருக்கிறது. வைத சொற்களைத் தேடினால் அங்கே கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. இருப்பது ‘நீ’யும் ‘அவனுடைய’வும். கிரேக்கத்தில் ‘நீ’ என்பதைத் தனியே சொல்ல வேண்டிய அவசியமில்லை, வினைச்சொல்லிலேயே அது அடங்கிவிடும், சொன்னால் அழுத்தம். அடுத்து ‘எகெய்னூ’, “அந்த ஆளுடைய”. பெயர் சொல்லக்கூட மனமில்லாமல் தூரத்தில் சுட்டும் சொல். நம் ஊரில் ஒருவரை “அது”, “அந்த ஆளு” என்று பெயரை விட்டுவிட்டுச் சொல்லும்போது எவ்வளவு கசப்பு இருக்குமோ அவ்வளவு. விவாதத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது பேச்சு கேள்வியை விட்டு ஆள்மேல் ஏறுகிறது. ஆறு வசனம் கழித்து 34-இல் அது முழுதாக வெளிவருகிறது: “முழுவதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ.” பிறப்பைச் சொல்லி அடித்தாயிற்று, பிறகு ஆளை வெளியே தள்ளியாயிற்று.

ஆகவே லொய்டொரியா என்பதை ‘ஆபாசப் பேச்சு’ என்று சுருக்குவது தவறு. எபேசியர் 4:29-இல் வரும் கெட்ட வார்த்தை, 5:4-இல் வரும் வம்பும் பரியாசமும் வேறு சொற்கள். நாகரிகமான தமிழில், ஒரு தப்பெழுத்துகூட இல்லாமல், லொய்டொரியா செய்ய முடியும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

புதிய ஏற்பாட்டில் வாயால் காயப்படுத்துவதற்கு ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. தமிழில் நிந்தித்தல், தூஷித்தல், வைதல், பரியாசம் என்று மாறி மாறி வருவதால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு மளிகைக் கடையில் வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். வாடிக்கையாளருக்கு 3,000 ரூபாய் பாக்கி. கடைக்காரர் வாய் திறக்கிறார்.

“மூணு மாசமா பாக்கி நிக்குது, எப்பத் தருவீங்க?” இது எந்தச் சொல்லிலும் சேராது, நியாயமான கேள்வி. “உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் கடனா சாமான் கொடுக்கலேன்னா பந்தி நடந்திருக்குமா?” இது ஒனெய்டிசோ. நமக்கு இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: சொல்லிக்காட்டுதல். யாக்கோபு 1:5-இல் தேவன் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்” என்பதில் இதே வினைதான். கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டமாட்டார் என்று வாசித்தால் வசனம் சட்டென்று உயிர்பெறும். ஒனெய்டிசோவில் பெரும்பாலும் சுட்டிக்காட்ட ஏதோ ஒரு விஷயம் இருக்கும். அதனால்தான் மத்தேயு 11:20-இல் மனந்திரும்பாத பட்டணங்களை இயேசு கடிந்துகொண்டார் என்பதற்கும் இந்தச் சொல் வர முடிகிறது. லொய்டொரெயோ அவர் செய்ததாக எங்கும் வருவதில்லை.

வாடிக்கையாளர் படியிறங்கிப் போன பிறகு, அடுத்து நிற்பவரிடம் “இவன் கதை தெரியுமா” என்று ஆரம்பித்தால் அது கட்டலலியா, புறங்கூறுதல். 1 பேதுரு 2:1-இல் உள்ளது. முதுகுக்குப் பின்னால் நடப்பது. லொய்டொரியா பெரும்பாலும் முகத்துக்கு நேரே. அவர் நடப்பதுபோல நடந்து காட்டிக் கடைப்பையன்களைச் சிரிக்கவைத்தால் எம்பைசோ. போர்ச்சேவகர் இயேசுவுக்கு முள்முடி சூட்டி முழங்காற்படியிட்டது இந்த வகை. “சீட்டுப் பணத்தைச் சுருட்டினவன்” என்று இல்லாததைச் சொல்லிப் பெயரைக் கெடுத்தால் பிளாஸ்ஃபேமெயோ. தேவனைத் தூஷிப்பதற்கு மட்டும் உரிய சொல் என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். ரோமர் 3:8-இல் பவுலைப் பற்றி இல்லாததைச் சொன்னவர்கள் செய்ததும் இதுதான். சட்டையைப் பிடித்துப் படியிலிருந்து தள்ளினால் ஹுப்ரிசோ. அதில் கை நீட்டுவதும் சேரலாம், லூக்கா 11:45-இல் வருவதுபோல வெறும் பேச்சாகவும் இருக்கலாம். அடிப்படை, எதிரே இருப்பவரை மிதித்து நடக்கும் திமிர்.

“நீயெல்லாம் ஒரு மனுசனா? உன் வம்சமே இப்படித்தானே!” இதுதான் லொய்டொரியா. பாக்கி பின்னுக்குப் போய்விட்டது, ஆள் மட்டும் முன்னால் நிற்கிறான். 3,000 ரூபாயைக் கையில் கொடுத்தாலும் இந்த வாக்கியம் திரும்பி வராது.

எல்லைக்கோடுகள் இவ்வளவு துல்லியமாக எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டெமொஸ்தெனீஸே லொய்டொரியாவில் இருப்பது ‘பிளாஸ்ஃபேமியா’க்கள் என்றுதான் விளக்குகிறார். மனிதர் பேசும் மொழி, வேலி போட்ட தோட்டம் இல்லை.

பவுல் வைதாரா?

அப்போஸ்தலர் 23 கொஞ்சம் சங்கடமான அத்தியாயம். ஆலோசனைச் சங்கத்தின் முன் பவுல் பேசத் தொடங்கியவுடன் பிரதான ஆசாரியன் அனனியா அவர் வாயில் அடிக்கச் சொல்கிறான். பவுல்: “வெள்ளையடிக்கப்பட்ட சுவரே, தேவன் உம்மை அடிப்பார்.” பக்கத்தில் நின்றவர்கள்: “தேவனுடைய பிரதான ஆசாரியரை வைகிறாயா?” லொய்டொரெயோ என்ற சொல் இங்கே வருவது அவர்கள் வாயில். இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா தன் வார்த்தையாகப் பவுல்மேல் அதைப் போடவில்லை.

பவுல் சொன்னது வெறும் வசவு இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிக்கும் படம் எசேக்கியேல் 13-இல் உள்ளது: சாரமில்லாத சாந்து பூசிய சுவர் மழையில் இடிந்து விழும். அடுத்த வாக்கியத்திலேயே, நியாயப்பிரமாணத்தின்படி விசாரிக்க உட்கார்ந்தவர் அதற்கு விரோதமாக அடிக்கச் சொல்லலாமா என்று குற்றத்தையும் குறிப்பிடுகிறார். டெமொஸ்தெனீஸின் கணக்கில் இது குற்றச்சாட்டுப் பக்கம் சாய்கிறது. இருந்தாலும் பவுல் அப்படி வாதாடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. “உன் ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லாயாக” என்று யாத்திராகமம் 22:28-ஐத் தானே எடுத்துச் சொல்லிப் பின்வாங்குகிறார். தீது சொல்லுதல் என்பதற்குக் கிரேக்கத்தில் இங்கே உள்ள தொடர்தான் சோலோனின் சட்டத்தைப் பற்றிப் புளூட்டார்க் எழுதுவதிலும் வருகிறது. “இவர் பிரதான ஆசாரியர் என்று எனக்குத் தெரியாது” என்று பவுல் அங்கே சொன்னது உண்மையா, குத்தலா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. அனனியா கி.பி. 66-இல் யூதக் கலகம் தொடங்கியபோது கால்வாய் ஒன்றில் ஒளிந்திருந்து பிடிபட்டுக் கொல்லப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். சுவர் இடிந்தது என்று பிற்காலத்தவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் வியப்பில்லை.

இதே இடத்தில் தவறாமல் வரும் கேள்வி: சகோதரனை ‘மூடனே’ என்று சொல்லக் கூடாது என்ற இயேசு, மத்தேயு 23:17-இல் “மதிகேடரே, குருடரே” என்றாரே? கேள்வி நியாயமானது, ஏனென்றால் இரண்டிடத்திலும் கிரேக்கத்தில் மோரோஸ் என்ற ஒரே சொல். 5:22-இல் ‘வீணன்’ என்று வருவது மட்டும் அரமேயச் சொல்லான ராகா; வெறும் ஆள், காலி ஆள். சொல் ஒன்று என்பதால் செயலும் ஒன்றாகிவிடாது. 5:22 சகோதரன்மேல் கோபம் வந்து வெடிக்கும் சொல்லைப் பற்றியது. 23-இல் ஒவ்வொரு “ஐயோ”வுக்கும் பின்னால் “ஏனெனில்” போல ஒரு காரணம் கட்டப்பட்டிருக்கிறது: ஆலயத்தின்பேரில் சத்தியம் பண்ணினால் ஒன்றுமில்லை, பொன்னின்பேரில் பண்ணினால் கடனாளி என்கிறீர்கள், எது முக்கியம்? அது தீர்க்கதரிசிகள் பேசிய பாணி. கடுமையான சொல்லா என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. எதைப் பிடித்து அடிக்கிறது என்று பார்த்தால் வேறு. ஆனால் இந்த வித்தியாசத்தைத் தங்கள் வாய்க்கு உரிமமாக எடுத்துக்கொள்கிறவர்கள் அப்போஸ்தலர் 23-இல் பவுல் அந்த உரிமத்தைத் தனக்குக் கேட்கவில்லை என்பதையும் படிக்கலாம்.

கொரிந்துப் பட்டியல்

1 கொரிந்தியர் 5:10-இல் உலகத்தாரைப் பற்றிய பட்டியலில் நான்கு பேர். அடுத்த வசனத்தில் “சகோதரனென்னப்பட்ட ஒருவன்” என்று சபைக்குள் திரும்பும்போது ஆறாகிறது. புதிதாகச் சேர்ந்த இருவர்: உதாசினன், வெறியன். 6:9-10-இல் பத்துப் பேர். அங்கும் இந்த இருவர் அடுத்தடுத்தே நிற்கிறார்கள். குடியும் வசவும் ஒரே திண்ணையில் உட்காருவதை விளக்க வேண்டியதில்லை. அதே நிருபத்தில் 1:12-இல் “நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்” என்ற கோஷ்டிச் சண்டை, 11:21-இல் கர்த்தருடைய பந்திக்கு வந்து வெறித்திருப்பது. பவுல் சபைப் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்ததற்குக் காரணம் அந்த ஊரிலேயே இருக்கிறது.

இங்கே வருவது வினைச்சொல் இல்லை, ஆளின் பெயர். ஒருநாள் கோபத்தில் வாய்தவறிய எல்லாரையும் இது குறிக்காது. பேச்சென்றாலே வசவு என்று ஆகிப்போனவனைக் குறிக்கிறது. ஒருமுறை குடித்தவனுக்கும் குடிகாரனுக்கும் உள்ள தூரம்தான். அதே சமயம், விபசாரக்காரனோடும் விக்கிரகாராதனைக்காரனோடும் ஒரே வரிசையில், “அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது” என்ற கண்டிப்போடு பவுல் இவனை நிறுத்துகிறார். மற்ற ஐந்துக்கும் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்போம். வைகிறவன்மேல் எடுத்ததைக் கேள்விப்படுவது அரிது. ‘உதாசினன்’ புரியாத சொல்லாகவே இருந்துவிட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பதில்வையாமல்

1 பேதுரு 2:23: “அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும்.” அந்திலொய்டொரெயோவை ‘பதில்வை’ என்று பெயர்த்தவருக்கு ஒரு சபாஷ். ‘அந்தி’ என்ற முன்னொட்டு பதிலுக்கு, ஈடாக என்ற பொருளில் வருவது. தமிழும் கிரேக்கமும் அசை அசையாகப் பொருந்துகின்றன. வினையின் காலமும் முக்கியம். ஒருமுறை பொறுத்தார் என்று இல்லை. வையும்போதெல்லாம் பதில்வையாமலே இருந்தார் என்று தொடர்ந்து நடந்ததைக் காட்டும் வடிவம் அது.

யாருக்கு எழுதியது என்பதை விட்டுவிட்டு இந்த வசனத்தை எடுத்தால் அது ஆயுதமாகிவிடும். 2:18-இல் ‘வேலைக்காரரே’ என்று கூப்பிடப்படுகிறவர்கள் கிரேக்கத்தில் வீட்டு அடிமைகள். எஜமான் வைதால் திருப்பி வைய அவர்களுக்கு வழியே இல்லை. அவர்கள் நிலைமையில் கிறிஸ்துவும் நின்றார் என்று பேதுரு சொல்கிறார். இதை எடுத்துக் கணவனிடம் தினமும் வசவு வாங்கும் பெண்ணிடம் “நீ வாய் திறக்காதே” என்று ஆலோசனை சொல்வது, வசனம் கூடாது என்று சொன்னதோடு எல்லா எதிர்ப்பையும் சேர்த்துத் தடைசெய்வது. தடை பதில்வைதலுக்குத்தான். கேட்பதற்குத் தடை இல்லை. முன்னாள் பிரதான ஆசாரியன் அன்னாவின் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசுவே கேட்கிறார்: “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்.” யோவான் 18:23-ஐயும் அப்போஸ்தலர் 23:3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆசாரியர் முன்னிலை, இரண்டிலும் அடி. ஒன்றில் கேள்வி மட்டும், மற்றதில் கேள்விக்கு முன்னால் ஒரு ‘சுவரே’.

வசவுக்கு எதிர்ச்சொல் மௌனம் என்று நினைத்தால் 3:9 அதையும் திருத்துகிறது. “தீமைக்குத் தீமையையும், உதாசனத்துக்கு உதாசனத்தையும் சரிக்கட்டாமல், அதற்குப் பதிலாக… ஆசீர்வதியுங்கள்.” பவுலும் 1 கொரிந்தியர் 4:12-இல் அதே ஜோடியைத்தான் சொல்கிறார்: “வையப்பட்டு, ஆசீர்வதிக்கிறோம்.” ஆசீர்வதிப்பதற்கு உள்ள யூலொகெயோ என்ற சொல்லைப் பிரித்தால் ‘நன்றாய்ச் சொல்’. ஆக, வாயை மூடுவதோடு முடியவில்லை. அதே வாயால் அந்த ஆளைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும். ‘சரிக்கட்டு’ என்று தமிழில் கடைக்கணக்குச் சொல் விழுந்திருப்பதும் பொருத்தம். வசவுக்கு வசவு என்பது பாக்கி தீர்க்கும் வேலை.

நீங்களே பார்க்க

மூலச்சொல் எண்களோடு உள்ள வேதாகமச் செயலி ஒன்றில் 3058 முதல் 3060 வரையும் 486-ஐயும் தேடி, பத்து இடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம்: வைகிறவர் யார், வாங்குகிறவர் யார், அந்தச் சொல் யாருடைய வாயில் வருகிறது. மூன்றாவதை விட்டால் பவுலை வைதவராக்கிவிடுவீர்கள். பிறகே அகராதிக்குப் போங்கள். முதலிலேயே போனால் அகராதி தரும் எல்லாப் பொருளையும் ஒவ்வொரு வசனத்திலும் திணிக்கத் தோன்றும். 1 கொரிந்தியர் 4:13-இல் ஒரு பள்ளம் இருக்கிறது: “தூஷிக்கப்பட்டு” என்ற இடத்தில் பழைய அச்சுப் பதிப்புகளில் பிளாஸ்ஃபேமெயோ, இன்றைய ஆய்வுப் பதிப்புகளில் டுஸ்ஃபேமெயோ. செயலியில் எண் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் தவறில்லை, கையெழுத்துப் பிரதிகளின் வேறுபாடு.

பயிற்சிக்கு 1 தீமோத்தேயு 5:14-ஐ எடுத்துக்கொள்ளலாம். இளம் விதவைகள் வீட்டை நடத்தி, “விரோதியானவன் நிந்திக்கிறதற்கு இடமுண்டாக்காமலிருக்க” வேண்டும் என்கிறது. வாங்குகிறவர் யார் என்று வசனம் நேராகச் சொல்லவில்லை: அந்தப் பெண்களா, முழுச் சபையா? வைகிறவன் அக்கம்பக்கத்து மனிதனா, அடுத்த வசனத்தில் பெயர் வரும் சாத்தானா? முந்தின வசனத்தில் வீடு வீடாய்த் திரிவதும் அலப்புவதும் இருக்கிறது. தாளில் இரண்டு பதிலையும் பென்சிலால் எழுதிவிட்டு 13-ஆம் வசனத்திலிருந்து மறுபடியும் வாசியுங்கள்.